மீட்டரம்மா வீட்டு டீ

மின்சார அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்த கொஞ்ச நாளிலேயே மேட்டுத் தெருவில் ஓர் அதிசயம் நடந்தது. அதுவரை கூடத்துச் சுவரிலும் மாடிப்படிக்கு அடியிலும் ஒய்யாரமாக இருந்த மீட்டர் பெட்டிகளெல்லாம் ஒவ்வொன்றாகச் சுவரைத் துளைத்துக்கொண்டு தெருப்பக்கம் வந்து சேர்ந்தன. வயரிங்காரனுக்கு மூச்சுவிட நேரமில்லை. என்ன ஏது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் பாதுகாப்பு என்றார். இன்னொருவர் காற்றோட்டம் என்றார். மீட்டருக்கு எதற்கய்யா காற்றோட்டம், அது என்ன மூச்சா விடுகிறது? விஷயம் இதுதான்: மீட்டர் பார்க்க வரப்போகிற புது ஆள் பள்ளத் தெருக்காரி. அவளுடைய சாதிக்காரர்கள் யாரும் அந்தக் கூடங்களுக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. இனிமேலும் வைக்க வேண்டாம் என்றுதான் இத்தனை பாடு.

வேறொருத்தியாக இருந்தால் வெயிலில் நின்று ரீடிங் எடுத்துக்கொண்டு, மனசுக்குள் புழுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பாள். இவள் வாயை மூடிக்கொண்டு போகிற ரகமில்லை. ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் நின்று, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி குசலம் விசாரிக்க ஆரம்பித்தாள்.

“என்னங்க மேடம், போன தடவையைவிட ரெண்டு மடங்கு ஓடியிருக்கு! புது ஏசி போட்டுட்டீங்களா? சொல்லவே இல்லையே!”

அந்த மேடம், வீட்டுக்காரருக்கு வியாபாரம் படுத்துவிட்டது என்று அப்போதுதான் பக்கத்து வீட்டில் மூக்கைச் சிந்திவிட்டு வந்திருந்தார்.

“சார், குடும்பத்தோட எல்லாரும் ஊருக்குப் போயிருந்ததா சொன்னாங்க. மீட்டர் என்னமோ ராப்பகலா ஓடியிருக்கே? நீங்க மட்டும் முன்னாலயே திரும்பிட்டீங்களா சார்? பாவம், தனியாவா இருந்தீங்க?”

சாருடைய மனைவி ஜன்னலோரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது நமக்கு வேண்டாத விஷயம். ஆனால் மறுநாள் காலையிலேயே வயரிங்காரன் ஏணியும் கையுமாக வந்து நின்றான். வெளியே வந்த பெட்டி மறுபடி உள்ளே போனது. அதைப் பார்த்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. வருஷம் திரும்புவதற்குள் மேட்டுத் தெருவில் பாதிப் பெட்டிகள் பழைய இடத்துக்கே போய்விட்டன. அவளும் பின்னாலேயே போனாள். கூடத்தின் நடுவில் நின்று டார்ச் அடித்து ரீடிங் எடுப்பாள். பிறகு மின்விசிறிக்கு அடியில் நிதானமாக வியர்வையை ஆற்றிக்கொண்டு, “நல்லா காத்து வருது மேடம்” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். மீட்டரம்மா என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டுவாடா செய்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்தது டீக்கடை. பள்ளத் தெருக்காரர்களுக்குப் பேப்பர் கப், மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ் என்று அங்கே ஓர் ஏற்பாடு. கேட்டால் கடைக்காரர், “எல்லாம் ஒரு சுத்தத்துக்குத்தான்மா” என்பார். மீட்டரம்மா புகார் எழுதிப் பார்த்தாள். ஆட்களைத் திரட்டி அட்டை பிடித்து நின்று பார்த்தாள். கடைக்காரர் மசியவில்லை. சரி, நாமும் சுத்தத்தையே பேசுவோம் என்று முடிவு செய்து, ஒரு நாள் காலை கூட்ட நேரத்தில் போய்ப் பேப்பர் கப்பை வாங்கி உயர்த்திப் பிடித்தாள்.

“ரொம்ப நன்றிங்கண்ணே. ஊரெல்லாம் மஞ்சக்காமாலை பரவுதாம். நீங்க கிளாஸ் கழுவுற தண்ணியைப் பாத்தா எனக்கே குமட்டுது. இவங்களையெல்லாம் விட்டுட்டு எங்களுக்கு மட்டும் புதுக் கப்புல குடுக்கறீங்களே, எங்க மேல எவ்வளவு அக்கறை உங்களுக்கு!”

கிளாஸில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸையே உற்றுப் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து மேட்டுத் தெரு மொத்தமும் பேப்பர் கப் கேட்டது. கப் தீர்ந்துபோயிற்று. கடைக்காரர் வேறு வழியில்லாமல் கிளாஸையெல்லாம் வெந்நீரில் போட்டு எல்லோர் கண்ணெதிரிலும் கழுவி, வந்தவர்களுக்கெல்லாம் அதிலேயே ஊற்றினார். எது யாருடைய கிளாஸ் என்று பிரித்து வைக்க அவருக்கு நேரமில்லை. அந்த ஏற்பாடு அப்படியே செத்துப்போனது.

எல்லாமே இப்படிச் சிரிப்பாய் முடிந்துவிடவில்லை. பொதுச் சுடுகாட்டுக்குப் போகிற வழியைப் பள்ளத் தெருவுக்கும் திறந்துவிடச் சொல்லி ஊர்வலம் போனபோது யாரோ எறிந்த கல் அவளுடைய புருவத்தைக் கிழித்தது. தையல் போட்ட இடத்தில் இன்றைக்கும் முடி முளைப்பதில்லை. மூன்று தடவை வேலையிடம் மாற்றி அலைக்கழித்தார்கள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர், எந்நேரமும் வண்டியோடு வெளியூரில். அதனால் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காவல் நிலைய பெஞ்சில் இவள் மட்டும் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

அப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஒரே ஓர் ஆள்தான். அவரை மேடையண்ணன் என்று ஊர் சொல்லும். மேட்டுத் தெருக்காரர். அச்சகம் வைத்திருந்தார். பள்ளத் தெருச் சங்கத்துத் துண்டறிக்கையெல்லாம் அங்கேதான் இலவசமாக அச்சாகும். மைக்கைப் பிடித்தால் மனுஷன் விடமாட்டார், கேட்கிறவர்களும் எழுந்து போக மாட்டார்கள், அப்படியொரு பேச்சு. இவளுக்காகப் பேசப் போய்ச் சொந்தக்காரர்கள் அவரோடு பேச்சுவார்த்தையை நிறுத்தினார்கள். ஊர்வலத்தில் அவர் முதுகிலும் அடி விழுந்தது. மீட்டரம்மாவுக்கு அவர் “அண்ணே”. அவருக்கு இவள் “தங்கச்சி”. கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

வருஷங்கள் ஓடின. ஊரும் மாறத்தான் செய்தது. மேட்டுத் தெருவில் இப்போது மீட்டரம்மா போனால் நாற்காலி போடுகிறார்கள், நல்ல டம்ளரில் டீ தருகிறார்கள், மழை பெய்தால் குடைகூடக் கொடுத்தனுப்புகிறார்கள். “பாத்தியா, எல்லாம் மாறிப்போச்சு” என்று ஆளாளுக்குப் பெருமை பேசினார்கள். ஆனால் அவள் கண் ரீடிங் எடுத்துப் பழகிய கண்.

“நான் அவங்க வீட்டுல குடிக்கிறேன், சரி. என் வீட்டுல வந்து எவன் குடிச்சான்?” என்று ஒரு நாள் கேட்டாள்.

பள்ளத் தெருவில் இதற்கு ஒரு வழக்கமே இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். மேட்டுத் தெருவிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்தால் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. முனைக் கடைக்கு ஆள் ஓடும். மூடி திறக்காத சோடா, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், தோலோடு வாழைப்பழம். இந்த மூன்றும்தான் வந்தவர்கள் தொடுவார்கள். கை படாதது, தீ படாதது, பாத்திரம் படாதது. வந்தவரும் சிரித்துக்கொண்டே வாங்குவார், கொடுத்தவரும் சிரித்துக்கொண்டே கொடுப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் மீட்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் தன் வீட்டில் வேறு சட்டம் போட்டாள். சோடாவை உள்ளேயே உடைத்து டம்ளரில் ஊற்றிக் கொண்டுவருவாள். பிஸ்கட்டைப் பிரித்துத் தட்டில் பரப்பிவிடுவாள். வாழைப்பழத்தைத் தோலுரித்து, வில்லை வில்லையாய் நறுக்கி, தன் கையாலேயே நீட்டுவாள். வந்தவர்கள் படுகிற அவஸ்தை இருக்கிறதே, அதற்கு டிக்கெட் வைத்தால் கூட்டம் அம்மும். வங்கி மேலாளர் ஒருவர் அப்படித்தான் மாட்டினார்.

“டீ வேண்டாம்மா, எனக்குச் சுகர்.”

“சர்க்கரை போடாம தர்றேன் சார்.”

“இல்லம்மா, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்.”

“அது இறங்குற வரைக்கும் உக்காருங்க சார். எனக்கும் இன்னைக்கு வேலை இல்ல.”

“டாக்டர் டீயே கூடாதுன்னுட்டார்.”

“பால் தர்றேன்.”

“பால் ஒத்துக்காது.”

“அப்ப தண்ணி?”

தண்ணீரே கூடாது என்று சொல்கிற டாக்டர் யாரையும் மேலாளருக்குத் தெரியாது. செல்போன் அடித்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். போன் அடிக்கவே இல்லை.

தேர்தலில் நின்ற ஒருவர் ஓட்டுக் கேட்டு வந்தபோது டீ டம்ளரை ஆசையாய் வாங்கினார். உதட்டருகே பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் படம் எடுத்துக்கொண்டார். எடுத்து முடித்ததும் மெல்லக் கீழே வைத்தார். “போட்டோ நல்லா வந்திருக்கும் தம்பி, இப்ப குடிங்க” என்றாள் மீட்டரம்மா. பின்னால் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. பள்ளத் தெரு ஓட்டு அந்த முறை அவருக்கு விழவில்லை.

இப்படி ஊரையே கண்ணில் விரலை விட்டு ஆட்டியவள் ஓர் ஆளை மட்டும் விட்டுவிட்டாள். மேடையண்ணனுக்கு அல்சர். வயிற்றுப்புண். எந்தக் காலத்திலிருந்து என்றால், அவர் முதன்முதலில் இவள் வீட்டுப் படி ஏறின நாளிலிருந்து. “வெளியில பச்சைத் தண்ணி குடிச்சாலும் எரியுது தங்கச்சி” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னபோது இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நமக்காக நேரங்காலம் பார்க்காமல் அலைந்துதானே இந்த நோய் வந்தது என்று உருகிப்போனாள். கூட்டம் நடக்கிற இடங்களிலெல்லாம், “அண்ணனுக்குக் காரம் வைக்காதீங்கப்பா” என்று இவள்தான் முந்திக்கொண்டு சொல்வாள். அவர் திருதிருவென்று முழிப்பதை வலி என்று நினைத்துக்கொண்டாள். ஊரில் ஒருத்தர் விடாமல் சாக்குப்போக்கைக் கண்டுபிடிப்பவளுக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை. பாசம்தான், வேறென்ன?

இந்த இடத்தில் பிள்ளைகள் கதைக்குள் வருகிறார்கள். மீட்டரம்மாவின் மகள் பல் டாக்டர். ஊரில் இருக்கிற ஒரே பல் டாக்டர் என்பதால் மேட்டுத் தெரு மொத்தமும் அவள் நாற்காலியில்தான் மல்லாந்து கிடக்கும். “இவ கை உங்க வாய்க்குள்ள போகலாம், இவ வீட்டு டீ மட்டும் போகக்கூடாதா?” என்று மீட்டரம்மா காத்திருப்போர் அறையிலேயே கேட்டு, மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. மேடையண்ணனின் மகன் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். பல்வலி என்று வந்தவன், வலி போன பிறகும் வந்துகொண்டே இருந்தான். கடைசியில் வீட்டுக்கே வர ஆரம்பித்தான். வந்தால் சமையலறைக்குள்ளேயே போய்ச் சட்டியைத் திறந்து பார்த்து, “அத்தை, சோறு இருக்கா?” என்பான். வழித்துத் துடைத்துச் சாப்பிடுவான். மீட்டரம்மாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனதற்கு அதுவே போதும். அண்ணன் மகனுக்குத் தங்கச்சி மகள், முறையும் சரியாகத்தான் இருந்தது.

பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடையண்ணனும் அவர் மனைவியும் வருவதாக ஏற்பாடு. வீட்டுக்காரர் வழக்கம்போல லாரியோடு வெளியூரில், மீட்டரம்மா பேசினால் போதும் என்றுவிட்டார். முந்தின நாள் மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, உன் கால்ல விழறேன், நாளைக்கு ஒரு நாள் மட்டும் சும்மா இரு. அவங்க அம்மா மேட்டுத் தெருவை விட்டு இங்க வந்ததே இல்ல. சோடா வாங்கி பிரிட்ஜுல வச்சிருக்கேன். மூடியோட குடு. பழத்தை உரிக்காதே. என் கல்யாணத்துல போராட்டம் பண்ணாதே.”

“நான் என்னடி பண்ணப்போறேன்?” என்றாள் மீட்டரம்மா, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

“அதான் பயமா இருக்கு. அவங்க முகம் கோணிடுச்சுன்னா எல்லாம் போச்சும்மா. எனக்கு அவன் வேணும்.”

மகள் குரல் கம்மியதைக் கேட்டு மீட்டரம்மா கொஞ்சம் ஆடித்தான் போனாள். ஊருக்காக இத்தனை நாள் உழைத்தோமே, பெற்ற பெண்ணுக்காக ஒரு நாள் வாயைக் கட்ட முடியாதா என்று தோன்றியது. சரி என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். செய்தவள் அதைக் காப்பாற்றவும் செய்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வந்தார்கள். மேடையண்ணன் சலவைச் சட்டை, அவர் மனைவி பட்டுப் புடவை. மீட்டரம்மா சோடாவை மூடியோடுதான் கொண்டுவந்து வைத்தாள். பையனின் அம்மா அதைத் தள்ளி வைத்துவிட்டு, “இது யாருக்கு அண்ணி? எனக்கு டீ போடுங்க. வெயில்ல வந்தது தலை வலிக்குது” என்றார். மகளும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீ வந்தது. அந்த அம்மாள் ஊதி ஊதிக் குடித்தார், முறுகலாகப் பொரித்திருந்த முட்டையை எடுத்துத் தின்றார், நன்றாக இருக்கிறது என்றார். மகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விளையாட்டு வாத்தியார் அதற்குள் மூன்றாவது முட்டையில் இருந்தான்.

மீட்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான், விஷமம் எதுவும் இல்லாமல், மேடையண்ணனுக்கென்று தனியாக வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து வந்தாள்.

“அண்ணே, உங்களுக்கு டீ ஆகாது, தெரியும். காரமே இல்லாம பால் கஞ்சி வச்சிருக்கேன். அல்சருக்கு நல்லது.”

“யாருக்கு அல்சர்?” என்றார் அவர் மனைவி.

“அண்ணனுக்குத்தான்.”

“இவருக்கா? யாரு சொன்னா? பச்ச மிளகாயைக் கடிச்சுக்கிட்டு சாப்பிடற மனுஷன் இவரு. காரம் பத்தலைன்னு நேத்துக்கூட என்கிட்ட சண்டை போட்டாரே.”

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் வேறு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்தார். மேடையண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மைக்கைக் கொடுத்தால் ஊரையே கட்டிப்போடுகிறவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

மீட்டரம்மா கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். மகளுக்குக் கொடுத்த சத்தியம் நினைவிருந்தது. ரொம்ப மெதுவாகத்தான் பேசினாள்.

“அல்சர் இல்லைன்னா நல்லதுதானே அண்ணே. அப்ப டீயே குடிங்க.”

கிண்ணத்தை வைத்துவிட்டு டீ டம்ளரை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கினார். உதடு வரைக்கும் கொண்டுபோனார். அங்கேயே நின்றது கை. “இப்பதான்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். எந்தச் சாக்கைச் சொன்னாலும் இவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். இவளோடு சேர்ந்து அவரும்தானே அந்தச் சாக்குகளுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

“கை வருது தங்கச்சி, வாய் வரமாட்டேங்குது” என்றார். டம்ளரை வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தார்.

அவர் மனைவி உடனே எழுந்திருக்கவில்லை. அவமானத்தில் முகம் சிவந்து, தன் டம்ளரில் இருந்ததைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, “வர்றேன் அண்ணி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மீட்டரம்மாவைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கேலி இல்லை, ஒரு வசவு இல்லை. கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். புருவத்தில் கல் பட்டபோது இவ்வளவு வலிக்கவில்லை. கல்லை எறிந்தவன் எவனோ. இவர் அண்ணன்.

“விடுடி. உனக்குப் பையன்தானே முக்கியம்? அவன்தான் என் சட்டியையே காலி பண்றானே. தேதி வச்சிடலாம்” என்றாள், மகள் முகத்தைப் பார்க்காமல்.

விளையாட்டு வாத்தியாரும் அதைப் பிடித்துக்கொண்டான். “ஆமா, பதிவு அலுவலகத்துல கையெழுத்துப் போட்டுடலாம். அப்பாவை நான் பாத்துக்கறேன்.”

சோடாவை மூடியோடு வைக்கச் சொன்ன மகள் இருக்கிறாளே, அவள் முடியாது என்றுவிட்டாள்.

“உன்னைக் கட்டினா அவர் எனக்கு மாமனார். எங்கம்மா கையால ஒரு வாய் சாப்பிடாத மனுஷனை நான் மாமனாரா ஏத்துக்க மாட்டேன். அவர் இந்த வீட்டுல உக்காந்து சாப்பிடட்டும், மறுநாளே தேதி வைப்போம். இல்லைன்னா வேண்டாம்.”

“உனக்கு அவன் வேணும்னியேடி!” என்று பதறினாள் மீட்டரம்மா.

“வேணும்தான். அழுதுக்கறேன், நீ விடு” என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தமும் கேட்டது.

வாரங்கள் போயின. விளையாட்டு வாத்தியார் அப்பாவோடு பேசுவதில்லை. வீட்டில் அம்மாவும் பேசுவதில்லை, மிளகாயும் வைப்பதில்லை. பல் டாக்டர் வீங்கின கண்ணோடு ஊராருடைய பல்லைப் பிடுங்கினாள். அந்த நாட்களில் நாற்காலியில் மாட்டினவர்கள் பாடு திண்டாட்டம். மீட்டரம்மா மேட்டுத் தெருவில் ரீடிங் எடுக்கப் போனாலும் சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு வந்தாள். உடம்புக்கு ஏதாவதா என்று ஏசி மேடமே விசாரித்தார்.

இதற்கிடையில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. சிறப்புப் பேச்சாளர் யார்? வேறு யார், மேடையண்ணன்தான். பேச மாட்டார் என்று சிலர் சொன்னார்கள். வந்துவிட்டார். கூட்டம் நிரம்பி வழிந்தது. மீட்டரம்மா கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள்.

அவர் மைக்கைப் பிடித்தார். வழக்கமான முழக்கம் இல்லை. “நான் இத்தனை வருஷமா உங்க முன்னாடி சமத்துவம் பேசினேன். என் தங்கச்சி வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. வயித்துல புண்ணுன்னு பொய் சொன்னேன். அவ நம்பினா. எனக்காகக் கஞ்சி காய்ச்சினா. புண்ணு வயித்துல இல்ல. சின்ன வயசுல எங்க வீட்டுல ஊட்டி விட்டதை நான் இன்னும் துப்பல” என்றார். தலை குனிந்துகொண்டார்.

யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார், எல்லோரும் கூரை அதிர்கிற மாதிரி தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். எப்பேர்ப்பட்ட மனுஷன், எவ்வளவு பெரிய மனசு என்று ஆளாளுக்குப் பேச்சு.

மீட்டரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நாற்காலி மேல் ஏறி நின்றாள். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற அந்தப் பழைய குரல் இத்தனை வாரத்துக்குப் பிறகு வெளியே வந்தது.

“யாரும் கை தட்டாதீங்க! தட்டுனீங்கன்னா இவரு அதையே தின்னுட்டு வயிறு நிறைஞ்சு வீட்டுக்குப் போயிடுவாரு. அண்ணே, பேச்சு பிரமாதம். பேசினது போதும், சாப்பிட வாங்க!”

முதலில் ஒருவன் சிரித்தான், அப்புறம் கூடமே சிரித்தது. மேடையில் நின்றவர் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கை அதன் கம்பத்தில் வைத்தார். சரியாகப் பொருந்தாமல் அது கீழே விழுந்தது, அதை எடுக்கக்கூட இல்லை. படியிறங்கி, நடுவே வழிவிட்ட கூட்டத்தைக் கடந்து, மீட்டரம்மா முன்னால் வந்து நின்றார்.

“இப்பவேவா?” என்றார்.

“பின்னே? நல்ல நேரம் பாக்கணுமா?”

நடந்தே போனார்கள். முன்னால் மீட்டரம்மா, பின்னால் அவர், அவருக்குப் பின்னால் அவருடைய மனைவியும் மகனும் மீட்டரம்மாவின் மகளும், அதற்கும் பின்னால் வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காமல் பாதிக் கூட்டம். வீட்டு வாசலில் எல்லோரையும் நிறுத்தினாள். “இங்க என்ன வித்தையா காட்டறாங்க? அவரவர் வீட்டுக்குப் போங்க” என்று விரட்டிக் கதவைச் சாத்தினாள். ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டாள், அல்லது மறந்த மாதிரி இருந்தாள்.

விருந்து ஒன்றுமில்லை. மத்தியானம் வைத்த சோறு, சூடு பண்ணின குழம்பு. தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். உதவி செய்கிற மாதிரி ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளையாட்டு வாத்தியார் அன்று ஒரு நாள் மட்டும் சட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

மேடையண்ணன் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டார். மெல்ல முடியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு திணறினார். யாரும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. தானே டம்ளரை எடுத்து, அவள் வீட்டுத் தண்ணீரைக் குடித்து, விழுங்கினார். அடுத்த கவளத்தை எடுத்தார். அதை மென்றார். மூன்றாவது கவளத்தை வாயில் போட்டுவிட்டு, பாதியில் நிறுத்தி, யோசிக்கிற மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“தங்கச்சி, குழம்புல உப்பு கம்மி.”

மீட்டரம்மா எழுந்தே விட்டாள். “ஆமாவா? இத்தனை வருஷம் கழிச்சு வந்து உக்காந்துட்டு, மூணாவது வாயிலேயே குறையா? என் சமையலை இந்தத் தெருவுல ஒருத்தர் குறை சொன்னதில்ல, தெரியுமா? வெட்கமா இல்ல உங்களுக்கு?”

திட்டிக்கொண்டே உப்பு எடுக்க உள்ளே போனாள். உப்பு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் குலுங்கிக் குலுங்கி அழுதாள். சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, ஜாடியை ணங்கென்று அவர் முன்னால் வைத்தாள்.

“போட்டுக்கங்க. தட்டுல ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாங்க. உப்பு சரியா இருக்கான்னு வந்து பாத்துட்டு, அப்புறம் பேசுங்க.”

மேடையண்ணன் உப்பைத் தூவிக்கொண்டு, தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இன்னும் கொஞ்சம் சோறு போடு. பசிக்குது” என்றார்.